செங்கொடி ஏறியதும் இறங்கியதும்: தேவிகுளம் பக்கத்திலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மூணாறுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில் (தொழிலாளிகளுக்குக் கம்பெனி கொடுக்கும் வரிசை வீடு) பிறந்து வளர்ந்தவன். அம்மாச்சியும் அம்மாவும் கொழுந்து கிள்ளியவர்கள், தாத்தா சாகும்வரை கம்யூனிஸ்டுகளின் செங்கொடி யூனியன் ஆள். கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்ட எங்கள் பிள்ளைகளும், போடி, கம்பம் பக்கத்துச் சொந்தக்காரர்களும் தேர்தல் நெருங்கினால் என்னிடம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். போனில் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். நான் நடுநிலைக்காரன் இல்லை. எங்களை நிமிர்ந்து நடக்க வைத்தது இந்த இயக்கம்தான் என்று நம்புகிறேன், அதனால்தான் அதன் தவறுகள் எனக்கு மற்றவர்களைவிட அதிகமாக வலிக்கின்றன.

சிபிஐ, சிபிஎம், எம்எல் என்கிறார்களே, எல்லாம் ஒன்றுதானே?

வேர் ஒன்று, இப்போது வேறுவேறு கட்சிகள். சிபிஐ என்றால் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி, சிபிஎம் என்றால் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி, எம்எல் என்றால் மார்க்சிஸ்ட்-லெனினிஸ்ட். 1964 வரை ஒரே கம்யூனிஸ்ட் கட்சி. சோவியத்துக்கும் சீனாவுக்கும் இடையில் வந்த சண்டை, 1962 சீனப் போர், காங்கிரஸோடு எவ்வளவு தூரம் ஒத்துப்போவது என்ற வாதம், இதெல்லாம் சேர்ந்து உடைத்தது. அந்த வருடம் தேசியக் கவுன்சிலிலிருந்து 32 பேர் எழுந்து வெளியே வந்தார்கள், அவர்கள் கட்டியது சிபிஎம். அந்த 32 பேரில் கடைசியாக உயிரோடு இருந்தவர்கள் இருவர். ஒருவர் தமிழ்நாட்டின் என். சங்கரய்யா, 2023 நவம்பரில் 102 வயதில் போனார். இன்னொருவர் கேரள முதலமைச்சராக இருந்த நம் வி.எஸ். அச்சுதானந்தன், 2025 ஜூலையில் 101 வயதில். வி.எஸ். போன அன்று எங்கள் லயத்தில் பல வீடுகளில் அடுப்பு மூட்டவில்லை. எம்எல் என்பது வங்காளத்து நக்சல்பாரியில் 1967இல் நடந்த விவசாயிகள் எழுச்சிக்குப் பிறகு 1969இல் தொடங்கியது, பின்னால் அதுவும் பல துண்டுகளாகப் போனது. பீகாரில் தேர்தலில் ஜெயிக்கும் லிபரேஷன் கட்சி அந்த வழியில் வந்ததுதான்.

இதெல்லாம் மலையாளிகள், வங்காளிகள் கட்சி, தமிழனுக்கு இதில் என்ன என்று மாமா ஒருவர் கேட்கிறார்.

மாமாவுக்குச் சொல்லுங்கள். இந்தியாவில் முதல் மே தினம் 1923இல் சென்னைக் கடற்கரையில் கொண்டாடப்பட்டது, கொண்டாடியவர் சிங்காரவேலர். 1925 டிசம்பரில் கான்பூரில் நடந்த கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அந்த மாநாட்டைத்தான் சிபிஐ தன் பிறந்தநாளாக எண்ணுகிறது. (சிபிஎம் 1920இல் தாஷ்கண்டில் நடந்த கூட்டத்திலிருந்து எண்ணும். இந்தக் கணக்கிலும் இரண்டு கட்சிக்கும் ஒத்துப்போகாது.) கேரளத்தில் கட்சி ரகசியமாகக் கூடியது அதற்கும் பல வருடம் கழித்து, 1937இல் கோழிக்கோட்டில். அப்புறம் ஜீவா, பி. ராமமூர்த்தி என்று தமிழ்ப் பெயர்கள் எத்தனையோ. 1952இல் பழைய சென்னை மாகாணச் சட்டசபையில் கம்யூனிஸ்டுகள் 62 இடம் பிடித்தார்கள், காங்கிரஸுக்குத் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை.

எஸ்டேட் ஜனங்கள் எதனால் செங்கொடிப் பக்கம் போனார்கள்?

பயத்தினால்தான். அதாவது, பயம் போக வேண்டும் என்ற ஆசையினால். எங்கள் ஆட்களை மலைக்கு ஏற்றிக்கொண்டு வந்தது கங்காணி. முன்பணம் கொடுத்துக் கூட்டிவருவான், அந்தக் கடன் எப்போது தீரும் என்பது அவன் நோட்டுக்கு மட்டும் தெரியும். திருநெல்வேலி, மதுரை, தேனி, ராமநாதபுரம் பக்கத்துப் பஞ்சத்தில் அடிபட்டு வந்த ஜனம், பெரும்பாலும் பள்ளர், பறையர், அருந்ததியர். ஊரில் சாதிக்காரனுக்குப் பயந்தது போதாதென்று இங்கே எஸ்டேட் மேனேஜரான துரைக்கும் பயப்பட வேண்டும். துரை எதிரே வந்தால் ஓரமாக ஒதுங்கித் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று தாத்தா சொல்வார். சொல்லும்போது எழுபது வயதிலும் அவர் கை தானாகத் தலைக்குப் போகும்.

அந்த நேரத்தில் ராத்திரி லயத்துக்கு வந்து, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்து, எங்கள் வீட்டுக் கஞ்சியைக் குடித்து, "நீ கேட்டால் கிடைக்கும், தனியாகக் கேட்காதே" என்று சொன்ன ஆட்கள் வந்தார்கள். காங்கிரஸ் யூனியனும் இருந்தது, அதிலும் நல்ல ஆட்கள் இருந்தார்கள், அதை மறைக்கத் தேவையில்லை. 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்து வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைக்காப்பு எல்லாம் முதலாளியின் கடமை என்றானது. ஆனால் சட்டம் காகிதத்தில் வந்தது, லயத்து ஓட்டை அடைபட்டது யூனியன் போய்ச் சத்தம் போட்டபோதுதான். எழுத்துத் தெரியாத ஜனம் கட்சியைத் தெரிந்துகொண்டது அப்படித்தான்.

1957, 58 தேவிகுளம் தேர்தலைப் பற்றிப் பெரியவர்கள் இன்னும் பேசுகிறார்களே, அப்படி என்ன நடந்தது?

1956 நவம்பர் 1இல் கேரளம் பிறந்தபோது செங்கோட்டையும் குமரி மாவட்டத்துத் தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு போயின, தமிழர்கள் நிறைய இருந்த எங்கள் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. நம் ஜனத்துக்கு அது பெரிய மனக்குறை. அந்தச் சூட்டோடு 1957 தேர்தல். 126 இடத்தில் கம்யூனிஸ்டுகளுக்கு 60, சில சுயேச்சைகளையும் சேர்த்துக்கொண்டு ஏப்ரல் 5ஆம் தேதி இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் முதலமைச்சர் ஆனார். தேவிகுளத்தில் ஜெயித்தவர் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். புதிய சட்டசபையில் முதலில் பதவி ஏற்றவர் அவர்தான். ஆனால் எதிர்த்தரப்பு வேட்பாளரின் மனுவைத் தப்பாகத் தள்ளிவிட்டார்கள் என்று வழக்குப் போய் அவருடைய வெற்றி செல்லாது என்றானது. 1958இல் இடைத்தேர்தல், கேரளத்தின் முதல் இடைத்தேர்தல்.

அரசாங்கமே நூலிழைப் பெரும்பான்மையில் இருந்த நேரம், ஆகவே நாடே இந்த மலையைப் பார்த்தது. தமிழ் பேசும் ஜனத்திடம் மலையாளத்தில் பேசினால் எடுபடாது என்று, தேனிப் பக்கம் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசனை வரவழைத்தார்கள். இளையராஜாவின் அண்ணன்தான். ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு எஸ்டேட் எஸ்டேட்டாகப் பாடினார். ரோசம்மா திரும்பவும் ஜெயித்தார். அம்மாச்சிக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. கொழுந்து நிறுவை முடிந்து அப்படியே கூடையோடு போய் நின்று கேட்டதாகச் சொல்லும். பேச்சு ஒன்றும் ஞாபகம் இல்லை, பாட்டின் மெட்டு மட்டும் கடைசிவரை ஞாபகம் இருந்தது. ஒரு கட்சி ஜனத்தின் பாஷையில், ஜனத்தின் ராகத்தில் வந்து பேசியது என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. 2021இல் தேவிகுளம் எம்எல்ஏவாக வந்த சிபிஎம்மின் ஏ. ராஜா தமிழில் பதவிப் பிரமாணம் எடுத்தபோது எங்கள் வீட்டில் கண் கலங்கினார்கள் என்றால் அதற்கு இந்தப் பழைய கணக்கும் ஒரு காரணம்.

அந்த அரசாங்கத்திலேயே தோட்டத் தொழிலாளியைச் சுட்டார்களாமே?

ஆமாம். 1958இல் மூணாறு வேலைநிறுத்தத்தில் போலீஸ் சுட்டு இரண்டு தொழிலாளிகள் இறந்தார்கள். அதே வருடம் கொல்லம் சந்தனத்தோப்பில் முந்திரித் தொழிலாளிகள் மேலும் துப்பாக்கிச் சூடு. தொழிலாளியின் அரசு தொழிலாளியைச் சுட்டது. இதற்கு ஆயிரம் விளக்கம் கேட்டிருக்கிறேன், ஒன்றும் மனசுக்கு ஒட்டவில்லை.

1959இல் ஏன் கலைத்தார்கள்?

வந்த ஆறாம் நாளே குடியிருப்பவனை வெளியேற்றக் கூடாது என்று அவசரச் சட்டம் போட்டார்கள், அப்புறம் நிலச் சட்டம், கல்விச் சட்டம். நிலக்காரர்கள், சர்ச், நாயர் சங்கம், காங்கிரஸ் எல்லோரும் சேர்ந்து "விமோசன சமரம்" (விடுதலைப் போராட்டம்) என்று தெருவுக்கு வந்தார்கள். 1959 ஜூலை 31, மத்திய அரசு அரசியல் சட்டத்தின் 356ஆவது பிரிவைப் பயன்படுத்திக் கலைத்தது. ஓட்டுப் போட்டு வந்த அரசை இப்படி அனுப்பினால் அப்புறம் யாரை நம்புவது என்ற கேள்வி அன்றைக்குப் பிறந்தது.

கேரளத்தில் எல்லோருக்கும் நிலம் கொடுத்தார்கள் என்றால் நமக்கு ஏன் பட்டா இல்லை?

எனக்கு வரும் கேள்விகளில் முக்கியமானது இதுதான். பதில் கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

கேரளத்தின் நிலச் சீர்திருத்தம் முழு வேகத்தில் நடைமுறைக்கு வந்தது 1970 ஜனவரி 1 முதல், சிபிஐயின் அச்சுத மேனன் ஆட்சியில். (பெருமை யாருக்கு என்று சிபிஐயும் சிபிஎம்மும் இன்னும் சண்டை போடுகின்றன. 1957இல் தொடங்கியவர்களுக்கும் பங்கு உண்டு, 70இல் முடித்தவர்களுக்கும் உண்டு.) குத்தகைக்கு உழுதவனுக்கு நிலம் சொந்தமானது. அடுத்தவன் நிலத்தில் குடிசை போட்டிருந்தவனுக்குப் பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் வரை உரிமை கிடைத்தது. ஒருவன் கையில் இருக்கக்கூடிய நிலத்துக்கு உச்சவரம்பும் வந்தது. கேரளம் இன்றைக்கு இருக்கிற கேரளமாக இருப்பதற்கு இது பெரிய காரணம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்தச் சட்டத்தில் தோட்டங்களுக்கு விலக்கு இருந்தது. தேயிலை, காப்பி, ரப்பர், ஏலம் இருக்கிற நிலத்துக்கு உச்சவரம்பு கிடையாது. தோட்டத்தைத் துண்டு போட்டால் ஏற்றுமதி படுக்கும், வேலை போகும் என்றார்கள். சரி, அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். அடுத்தவன் நிலத்தில் பத்து வருடம் குடிசை போட்டிருந்தவனுக்குப் பட்டா, மூன்று தலைமுறையாக லயத்தில் இருந்தவனுக்கு ஒன்றும் இல்லை. லயம் வேலையோடு ஒட்டிய வீடு. வேலை இருக்கும்வரை வீடு.

1971இல் இன்னொரு வாய்ப்பு வந்தது. மூணாறைச் சுற்றியுள்ள கண்ணன் தேவன் மலை நிலங்களைத் தேயிலைக் கம்பெனியிடமிருந்து அரசு எடுத்துக்கொள்ளத் தனிச் சட்டம் போட்டார்கள், உச்ச நீதிமன்றமும் ஒத்துக்கொண்டது. கடைசியில் சுமார் 57,000 ஏக்கர் கம்பெனியிடமே தேயிலைக்கென்று விடப்பட்டது, சுமார் 70,000 ஏக்கர் அரசிடம் வந்தது. இன்றைக்கு வரையாடு பார்க்கப் போகிறோமே, அந்த இரவிகுளம் அதில் ஒரு பகுதி. வரையாட்டுக்கு இடம் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை, அது அதன் மலை. அந்த எழுபதாயிரம் ஏக்கரில் கொழுந்து கிள்ளியவளுக்கு ஐந்து சென்ட் ஒதுக்கி முடிக்க எந்த ஆட்சிக்கும் மனம் வரவில்லையே என்பதுதான் வருத்தம். செங்கொடி ஆட்சியும் வந்தது, கை ஆட்சியும் வந்தது, மாறி மாறி வந்தது.

அம்மாச்சி 58 வயதில் ரிட்டையர் ஆனபோது லயத்தைக் காலி செய்தால்தான் கிராஜுவிட்டி என்றார்கள். யூனியன் தலைவர் ஒருவரிடம் போய் நின்றோம். பேர் வேண்டாம். "பார்ப்போம்" என்றார். அம்மாச்சி அந்த "பார்ப்போம்" என்ற வார்த்தையைச் சாகும்வரை மறக்கவில்லை. கடைசியில் அம்மா பேரில் லயம் இருந்ததால் தப்பித்தோம். அம்மா கொழுந்துக்குப் போகவில்லை என்றால், விட்டு வந்து ஐம்பது வருடம் ஆன போடிக்குத் திரும்பி எந்த வீட்டுக் கதவைத் தட்டியிருப்போம்?

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறுக்குப் பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மூடியதில் 70 பேர் போனார்கள். பெரும்பாலும் நம் ஆட்கள், ஒரே குடும்பத்தில் பத்துக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தவர்களும் உண்டு. கேட்ட இடத்தில் சொந்த வீடு இருந்திருந்தால் அத்தனை பேர் அந்த மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டு படுத்திருப்பார்களா என்று என்னால் யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

வங்காளத்தில் 34 வருடம் ஆண்டவர்கள் எப்படிப் பூஜ்யத்துக்கு வந்தார்கள்?

1977இல் ஜோதி பாசு தலைமையில் வந்தார்கள். "ஆபரேஷன் பர்கா" என்று வாரக் குத்தகைக்காரர்கள் பதினான்கு லட்சம் பேருக்கு மேல் பெயரைப் பதிந்து, நிலத்திலிருந்து யாரும் துரத்த முடியாதபடி செய்தார்கள். பஞ்சாயத்துக்கு உயிர் கொடுத்தார்கள். கிராமத்துச் சம்சாரி அதற்கு நன்றியாக முப்பது வருடம் ஓட்டுப் போட்டான். 2006இல்கூட 294இல் 235 இடம்.

அப்புறம் தொழில் வேண்டும், வேலை வேண்டும் என்று கிளம்பினார்கள். வேண்டியதுதான், பிள்ளைகளுக்கு வேலை இல்லை. ஆனால் சிங்கூரில் கார் தொழிற்சாலைக்கு விருப்பமில்லாத விவசாயிகளிடமிருந்தும் நிலத்தை எடுத்தார்கள். நந்திகிராமில் நிலம் போகப்போகிறது என்று எதிர்த்தவர்கள் மேல் 2007 மார்ச் 14இல் போலீஸ் சுட்டு 14 பேர் இறந்தார்கள். எந்த நிலத்தை உழுதவன் கையில் கொடுத்து வந்தார்களோ, அந்த நிலத்தை அவன் கையிலிருந்து பிடுங்குகிறவர்களாக அவன் கண்ணுக்குத் தெரிந்தார்கள். கூடவே ரேஷன் கார்டிலிருந்து வாத்தியார் வேலை வரை கட்சி ஆபீஸ் வழியாகத்தான் என்ற நிலைமை முப்பது வருடத்தில் ஊறிப்போயிருந்தது. 2011இல் 62 இடம். 2021இல் ஒன்றுகூட இல்லை. திரிபுராவிலும் 25 வருட ஆட்சி 2018இல் போனது, ஆனால் அங்கே எதிர்க்கட்சியாக நிற்கும் அளவுக்குப் பிழைத்தார்கள்.

டெல்லியில் எப்போதாவது பலமாக இருந்தார்களா?

முதல் மக்களவையிலேயே 16 இடத்தோடு பெரிய எதிர்க்கட்சி இவர்கள்தான். உச்சம் 2004: சிபிஎம் 43, சிபிஐ 10, கூட்டாளிகளையும் சேர்த்தால் அறுபதை ஒட்டி. வெளியிலிருந்து மன்மோகன் சிங் அரசைத் தாங்கினார்கள். நூறு நாள் வேலைச் சட்டமும் தகவல் உரிமைச் சட்டமும் 2005இல், வன உரிமைச் சட்டம் 2006இல் வந்ததற்கு இவர்கள் கொடுத்த நெருக்கடி ஒரு முக்கியக் காரணம். நூறு நாள் வேலைக்குப் போகிற எங்கள் சித்திக்கு இது தெரியாது, யாரும் அவரிடம் போய்ச் சொல்லவும் இல்லை.

2008இல் அமெரிக்க அணு ஒப்பந்தத்தை எதிர்த்து ஆதரவை விலக்கினார்கள். கொள்கைப்படி சரியாகவே இருக்கட்டும், அணு ஒப்பந்தம் என்றால் என்னவென்று லயத்தில் யாருக்குத் தெரியும்? விலைவாசிக்காக விலக்கியிருந்தால் ஜனம் கூட நின்றிருக்கும். 2009இல் சிபிஎம் 16, சிபிஐ 4. அதற்கு முன்னால் 1996இல் ஜோதி பாசுவைப் பிரதமராகக் கூப்பிட்டபோது கட்சி வேண்டாம் என்றது, பிறகு பாசுவே அதை வரலாற்றுத் தவறு என்றார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இப்போது தமிழ்நாட்டில்தான் எம்.பி.க்கள் அதிகமாமே?

ஆமாம். 2019இல் இரண்டு கட்சிக்கும் சேர்த்து நாடு முழுக்க ஐந்து இடம், அதில் நான்கு தமிழ்நாட்டில், கேரளத்தில் ஆலப்புழை மட்டும். 2024இல் எம்எல் லிபரேஷனையும் சேர்த்து எட்டு. தமிழ்நாட்டில் மதுரை, திண்டுக்கல், திருப்பூர், நாகப்பட்டினம், பீகாரில் இரண்டு, ராஜஸ்தானில் சீகர், கேரளத்தில் ஆலத்தூர். தமிழ்நாட்டு வெற்றி திமுக கூட்டணியில் வந்தது, அதைச் சொந்தப் பலம் என்று நம்பினால் ஏமாந்துபோவோம். ஆனால் நாகையை அப்படி ஒதுக்கிவிட முடியாது. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேரை உயிரோடு எரித்த அந்த மண்ணில், கூலிக்காரன் செங்கொடியைப் பிடித்த கதை கூட்டணிக் கணக்கைவிடப் பழையது.

பெம்பிளை ஒருமை என்பது என்ன? அது கம்யூனிஸ்டுக்கு எதிரானதா?

பெம்பிளை ஒருமை என்றால் பெண்கள் ஒற்றுமை, எங்கள் எஸ்டேட் பெண்கள் தாங்களே கட்டியது. 2015 செப்டம்பர். போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 ஆகிவிட்டது, தினக்கூலி 232 ரூபாய். யூனியன்கள் தலையாட்டிவிட்டு வந்தன என்று கேள்விப்பட்டதும் பெண்கள் கொழுந்துப் பையைக் கீழே போட்டுவிட்டு மூணாறு டவுனுக்கு இறங்கினார்கள். ஆயிரக்கணக்கில். என் அம்மாவும் அதில் ஒருத்தி. எந்தக் கொடியும் வேண்டாம், எந்தத் தலைவரும் பக்கத்தில் வரக் கூடாது. யூனியன் ஆபீஸ்களுக்கு முன்னால் போய்ச் சத்தம் போட்டார்கள், கொடிக்கம்பங்களைக்கூட விடவில்லை. தொகுதி எம்எல்ஏ வந்தபோது திருப்பி அனுப்பினார்கள். வி.எஸ். வந்தபோது மட்டும் உட்கார இடம் விட்டார்கள். தொண்ணூறு வயது தாண்டிய மனிதர், தீர்வு வரும்வரை எழுந்து போகவில்லை.

ஒன்பது நாள். போனஸும் கருணைத்தொகையுமாகச் சேர்த்து 20 சதவீதம் வந்தது. கூலி பிறகு பேச்சுவார்த்தையில் 301 ரூபாய் ஆனது. கேட்டது 500.

எதிரானதா என்றால், என் பதில் இது. தனியாகக் கேட்காதே, சேர்ந்து கேள் என்று 1950களில் லயத்துக்கு வந்து சொல்லிக்கொடுத்தது யார்? அதே பாடத்தைத்தான் அந்தப் பேத்திகள் செய்து காட்டினார்கள். கட்சி அன்றைக்குச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டவர்கள் சிலர், பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தேடியவர்கள் பலர். 2017இல் அமைச்சர் எம்.எம். மணி அந்தப் பெண்களைப் பற்றிப் பேசிய பேச்சுக்கு அவர் கட்சியான சிபிஎம்மே பகிரங்கமாகக் கண்டிக்க வேண்டி வந்தது. அந்த அமைப்பு பிறகு உடைந்து தேய்ந்துபோனது, அதுவும் உண்மை. ஒன்பது நாள் தெருவில் உட்கார்வது ஒன்று, வருடக்கணக்காகச் சந்தா வாங்கி, கணக்கு எழுதி, ஆஸ்பத்திரிக்கு ஆளோடு போவது வேறு. அம்மா இன்றைக்கும் யூனியன் சந்தா கட்டுகிறார். கேட்டால், "விட்டா வேற எவன் இருக்கான்?" என்பார்.

வங்காளத்தில் விழுந்தது, கேரளத்தில் மட்டும் எப்படி நின்றது?

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தோற்றதால் நின்றது என்று நினைக்கிறேன். தோற்றால் திரும்ப வீடு வீடாக நடக்க வேண்டும், கால் மரத்துப்போகாது. அதோடு 1991இல் முழு எழுத்தறிவு, 1996இல் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிக்குக் கொடுத்த ஜனகீயத் திட்டம், 1998இல் குடும்பஸ்ரீ என்ற பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் என்று செய்த வேலைகள் கைக்குத் தெரிகிறவை. வெள்ளத்திலும் கொரோனாவிலும் ஆட்சி பக்கத்தில் நின்றது, அதற்காக 2021இல் 140இல் 99 இடம் கொடுத்துப் பழைய வழக்கத்தையே ஜனம் மாற்றியது. ஆனால் 2024 மக்களவைத் தேர்தலில் அதே ஜனம் ஒரே ஒரு இடத்தைத்தான் கொடுத்தது.

கொலை அரசியலைப் பற்றியும் கேட்கிறார்கள். மறைக்க மாட்டேன். சிபிஎம்மைவிட்டு வெளியே வந்த டி.பி. சந்திரசேகரனை 2012இல் வெட்டிக் கொன்றார்கள், தண்டனை பெற்றவர்களில் சிபிஎம் உள்ளூர்ப் பொறுப்பாளர்களும் உண்டு. எதிர்க்கட்சிக்காரர்களும் கொன்றிருக்கிறார்கள் என்பது பதில் ஆகாது.

எஸ்டேட் பிள்ளைகள் யாரும் கட்சிக்கு வருவதில்லையே, ஏன்?

லயத்தில் இளவட்டம் யார் இருக்கிறார்கள் முதலில்? கொழுந்து கிள்ள ஜார்கண்ட், அசாம் பக்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நம் பிள்ளைகள் பனியன் கம்பெனியிலும் பைக்கில் சாப்பாடு கொண்டுபோகிற வேலையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதலாளி ஒரு செல்போன் ஆப். அங்கே போய்த் தரையில் உட்கார்ந்து பேசுகிற ஆள் இன்னும் போதுமான அளவுக்குப் போகவில்லை. எங்கள் லயத்து ஜார்கண்ட் குடும்பத்தோடு இந்தியில் பேச எங்கள் யூனியனில் ஒருவருக்கும் தெரியாது. 1958இல் எங்களிடம் தமிழில் பாட ஆள் தேடிப்போனவர்கள்தானே இவர்கள்?

கடைசியாக, நான் யூனியனில் சேரலாமா வேண்டாமா?

சேருங்கள். எந்தக் கொடி என்று நான் சொல்ல மாட்டேன், என் கொடி எது என்று மேலே படித்தவர்களுக்குத் தெரியும். சேர்ந்துவிட்டுப் பொதுக்குழுவுக்குப் போங்கள், பின்வரிசையில் உட்காராதீர்கள். ரிட்டையர் ஆகப்போகிற பெண்களின் பெயர்ப் பட்டியலை எழுதி எடுத்துக்கொண்டு போய், இவர்களுக்கு வீடு எங்கே என்று மைக்கில் கேளுங்கள். "பார்ப்போம்" என்று சொன்னால், எந்தத் தேதியில் என்று கேட்டு அதையும் அந்தப் பட்டியலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.